மலையகத்தில் இருந்து ஒப்பியல் இலக்கியம் படிக்கப் போகிறவர்களுக்கு

என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்த பிள்ளைகள் சிலர் வெளிவாரிப் பட்டம் முடித்துவிட்டு இப்போது கேட்கிறார்கள்: "டீச்சர், நீங்க ஒப்பியல் இலக்கியம் படிச்சீங்கதானே, நாங்களும் படிக்கலாமா?" ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடிகிற கதை இல்லை இது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்தப் படிப்பில் எனக்கு ஆறே முக்கால் இலட்சம் இலங்கை ரூபாய்க்குக் கிட்டப் போனது, இரண்டு வருட நித்திரை போனது, ஒரு சங்கிலியும் போனது. அந்த நேரம் அட்டன் பக்கம் இதைப் படித்தவர் என்று கேட்டுப் பார்க்க எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை.

நான் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவள். அம்மா கொழுந்து எடுத்து எங்களைப் படிக்க வைத்தவர். பட்டத்துக்குப் படிக்கும்போது பேராசிரியர் கைலாசபதியின் ஒப்பியல் இலக்கியம் நூல் கையில் கிடைத்தது. ஒரு மொழியின் பாட்டை இன்னொரு மொழியின் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டிலும் அதுவரை தெரியாத ஒன்று தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. எங்கள் அம்மாயி பாடுகிற பாட்டுகளை அப்படி எங்கேயாவது கொண்டுபோய் வைக்க வேண்டும் என்ற ஆசை அன்றே வந்துவிட்டது. நான் தேடிய அளவில் உள்ளூரில் தமிழ் முதுகலைக்குள் ஒரு பாடமாகத்தான் இது இருந்தது. முழுப் படிப்பாக வேண்டும் என்று 2021 கடைசியில் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி முதுகலைக்கு விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. கட்டணம் 3,600 டொலர், மூன்று தவணை. அப்போது டொலர் 200 ரூபாய்க்குச் சற்று மேலே நின்றது. மொத்தம் ஏழேகால் இலட்சம் வரும் என்று கணக்குப் போட்டு, சீட்டு எடுத்து, சேமிப்பையும் சேர்த்து முதல் தவணையைக் கட்டினேன். கிட்டத்தட்ட இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். என் மாதச் சம்பளம் ஐம்பதாயிரத்தைத் தொடாத காலம் அது.

அதற்குப் பிறகு வந்தது 2022, பொருளாதார நெருக்கடி. நாட்டில் எல்லோருக்கும் என்ன நடந்தது என்று தெரியும். மார்ச்சில் ரூபாயின் மதிப்பைச் சந்தையின் போக்கில் மிதக்க விட்டார்கள். மே மாதம் ஆகும்போது டொலர் 360ஐத் தொட்டுவிட்டது. என் இரண்டாம் தவணை விழுந்தது சரியாக அந்த நேரத்தில். அதே 1,200 டொலருக்கு நாலு இலட்சத்து முப்பதாயிரம். வங்கிக்குப் போனால் டொலர் அனுப்ப முடியாது, இன்னொரு நாள் வாருங்கள் என்றார்கள். காசை வைத்துக்கொண்டும் கட்ட முடியாமல் கவுண்டர் முன்னால் நின்றபோது வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கும். சங்கிலியையும் இரண்டு வளையலையும் அடகு வைத்துத்தான் அந்தக் காசே வந்திருந்தது. வளையலை மீட்டுவிட்டேன், சங்கிலி போனது போனதுதான். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும், "படிப்புக்குத்தானே புள்ள" என்றார். அதைக் கேட்டுத்தான் அன்றைக்கு அதிகம் அழுதேன்.

மின்வெட்டு வேறு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை வெட்டினார்கள். என் வகுப்புகள் எங்கள் நேரத்தில் இரவு எட்டரைக்கு மேல்தான். கரண்ட் போனால் டவரிலும் சிக்னல் போய்விடும். ரோட்டோரம் சிக்னல் வரும் ஒரு வளைவு உண்டு. குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்று போனில் வகுப்புக் கேட்ட இரவுகள் இருக்கின்றன. மூன்றாம் தவணை கட்ட வழியே இல்லை. படிப்பை இடைநிறுத்தி வைக்கலாமா என்று எழுதிக் கேட்டேன். இடைநிறுத்தக் காலத்துக்கும் ஒரு பதிவுக் கட்டணம் உண்டு, அதுவும் டொலரில் என்று பதில் வந்தது. கடைசியில் முடித்த பாடங்களுக்கு ஒரு பட்டப்பின் சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஏழேகால் இலட்சத்துக்கு முழு முதுகலை என்று தொடங்கியது, ஆறே முக்கால் இலட்சத்துக்கு மூன்றில் இரண்டு பங்கோடு நின்றது.

காசு விஷயத்தில் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் படிப்பென்றால் கட்டணத்தைக் கேட்பதோடு நிறுத்த வேண்டாம். பாதியில் நின்றால் என்ன சான்றிதழ் தருவார்கள், எத்தனை காலத்துக்குள் திரும்பி வந்து தொடரலாம், அந்த இடைவெளிக்குக் காசு உண்டா, முடித்த பாடங்களை வேறு பல்கலைக்கழகம் ஏற்குமா என்ற நாலையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வையுங்கள். போனில் சொன்னது பிறகு நிற்காது. வருமானம் ரூபாயில், கட்டணம் டொலரில் என்றால் முதல் தவணை கட்டும் அன்றே கடைசித் தவணைக்கான காசில் பாதியாவது கையில் இருக்க வேண்டும். அது இல்லை என்றால் ஒரு வருடம் பொறுத்துப் போவது நல்லது.

அடுத்தது அங்கீகாரம். அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறார்களா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். தொலைக்கல்வியாக, இந்தப் பெயருள்ள பட்டத்தை என்று தெளிவாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். எங்கள் நாட்டுத் தகைமைக் கட்டமைப்பில் பட்டப்பின் சான்றிதழ் 7ஆம் மட்டம், பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம், முதுகலை 9 அல்லது 10. ஆசிரியருக்குப் பதவி உயர்வு, சம்பளப் படி என்று வரும்போது இந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். நான் படித்த பாடங்களின் ஆழத்தை அங்கே யாரும் அளக்கப் போவதில்லை. கல்வி அலுவலகத்தில் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன பாடம் டீச்சர்?" என்று கேட்டார் ஒரு உத்தியோகத்தர். அவரைக் குறை சொல்லவில்லை. அப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். பாடத்திட்டத்தின் பிரதி ஒன்றும், அதன் தமிழ் விளக்கம் ஒன்றும் கையோடு இருக்கட்டும்.

சரி, காசை விடுவோம். படிப்பு எப்படி இருந்தது என்பதுதான் பிள்ளைகள் உண்மையில் கேட்பது.

முதல் மாதம் முழுக்கப் பயம். 1827இல் ஜெர்மன் கவிஞர் கதே ஒரு சீன நாவலை மொழிபெயர்ப்பில் வாசித்துவிட்டு, இனி உலக இலக்கியத்தின் காலம் என்று தன் உதவியாளர் எக்கர்மானிடம் சொன்னதில் தொடங்கினார்கள். பிறகு பிரெஞ்சு மரபு: ஓர் எழுத்தாளரின் செல்வாக்கு இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் காட்டு என்பது. அதை 1958இல் விமர்சகர் ரெனே வெல்லக் கேள்வி கேட்டது, அதற்குப் பிறகு தொடர்பே இல்லாத இலக்கியங்களையும் ஒப்பிடலாம் என்ற அமெரிக்கப் போக்கு. வகுப்பில் மற்றவர்கள் பிரெஞ்சும் ஜெர்மனும் தெரிந்தவர்கள். அவர்கள் கதைக்கிற வேகத்துக்கு என் ஆங்கிலம் ஈடுகொடுக்கவில்லை. ஏதோ பெரிய வீட்டுக் கல்யாணத்தில் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

அது மாறியது வாய்மொழிப் பாடல் பற்றிய வாரத்தில். அமெரிக்க ஆய்வாளர்கள் மில்மன் பரியும் அல்பர்ட் லோர்டும் கிரேக்கக் கவி ஹோமரின் காவியங்களை யூகோஸ்லாவியப் பாணர்களின் பாட்டோடு வைத்து ஆராய்ந்ததைப் படிப்பித்தார்கள். திரும்பத் திரும்ப வருகிற தொடர்களை வைத்துப் பாணன் மேடையிலேயே பாட்டைக் கட்டுகிறான் என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு. எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. இதே முறையை எங்கள் சங்கப் பாட்டுகளுக்குப் பொருத்திப் பார்த்தவர் பேராதனையில் படித்த கைலாசபதி. இங்கிலாந்தில் பேர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து, புறநானூற்று வீரரைக் கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் வீரப் பாடல்களோடு ஒப்பிட்டு எழுதினார். 1968இல் ஒக்ஸ்போர்ட் அதை வெளியிட்டது. வகுப்பில் கையை உயர்த்தி இதைச் சொன்னேன். விரிவுரையாளர் நூலின் பெயரை எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் அதிலிருந்து ஓர் அத்தியாயத்தை எல்லோருக்கும் வாசிக்கக் கொடுத்தார். அன்றைக்குப் பிறகு எனக்குப் பயம் குறைந்தது. இங்கிருந்து போகிறவர்கள் கைலாசபதியை முழுதாக வாசித்துவிட்டுப் போங்கள். தனிநாயகம் அடிகள் சங்கப் பாட்டின் இயற்கையைப் பற்றி எழுதியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்துச் சரச்சந்திர 1956இல் மனமே என்ற சிங்கள நாடகத்தைப் போட்டபோது நாடகம என்ற சிங்கள நாட்டார் நாடக வடிவத்திலிருந்து எதை எடுத்தார், அந்த நாடகமவுக்கும் தமிழ்க் கூத்துக்கும் என்ன உறவு, அதைப் பார்த்துப் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் கூத்தை எப்படி மேடைக்குக் கொண்டுவந்தார் என்று தேடிப் பாருங்கள். பிரெஞ்சு மரபு கேட்கிற ஆதாரத்தோடு கூடிய செல்வாக்கு ஆய்வுக்கு நல்ல உதாரணம் நம் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது.

இப்போது இந்தப் படிப்பில் மிகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். ஒப்பிடுவது என்றால் ஒற்றுமைகளை அடுக்குவது என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். எங்கள் வகுப்பில் எல்லோருடைய முதல் கட்டுரையும் அப்படித்தான் இருந்தது. நான் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தையும் எங்கள் தேயிலைத் தோட்டத்தையும் எடுத்தேன். பாரதி பிஜியில் வாடும் பெண்களைப் பற்றிப் பாடியது நமக்கெல்லாம் தெரியும், அதில் தொடங்கினேன். அங்கேயும் அழுகிறார்கள், இங்கேயும் அழுகிறார்கள், அங்கேயும் வெள்ளைக்காரத் துரை, இங்கேயும் துரை. கட்டுரையின் ஓரத்தில் ஒரே கேள்விதான் எழுதப்பட்டிருந்தது: இரண்டும் ஒன்றுபோல இருப்பது தெரிகிறது, ஒரே மாதிரி இல்லாதது எது, அது ஏன்?

அந்தக் கேள்வியோடு பல மாதம் இருந்தேன். பிஜிக்கு 1879 முதல் 1916 வரை ஆட்களைக் கொண்டுபோனது ஐந்து வருட ஒப்பந்தத்தில். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று கணக்கு வைத்துக் கப்பலேற்றினார்கள். வேலைக்கு வராவிட்டால் சட்டப்படி சிறை. இலங்கைக்கு ஆள் சேர்த்த முறை வேறு. கங்காணி தன் ஊருக்குப் போய்ச் சொந்தபந்தத்தையும் ஊராரையும் முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தார். கோப்பிக் காலத்தில் பெரும்பாலும் ஆண்கள், அதுவும் அறுவடைக் காலத்துக்கு வந்து திரும்பிப் போகிறவர்கள். 1869இல் கோப்பியில் இலை நோய் விழுந்து, தேயிலை பரவிய பிறகு வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டி வந்தது. அதனால் குடும்பம் குடும்பமாக வந்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கினார்கள். தோட்டம் மாறும்போது கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டும் கூடவே போனது. அந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். அதாவது அங்கே கட்டிப் போட்டது ஒப்பந்தம், இங்கே கட்டிப் போட்டது கடன். ஒப்பந்தத்துக்கு முடிகிற தேதி ஒன்று இருந்தது. கடனுக்கு அது இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு பாட்டுகளைத் திரும்பக் கேட்டேன். பிஜிக்கு நிறையப் பேர் போன வட இந்தியாவில், போஜ்புரி மொழி பேசும் பக்கத்துப் பிதேசியா பாட்டுகளில் பெரும்பாலும் ஊரில் விடப்பட்ட மனைவி, தூரதேசம் போன புருஷனை நினைத்து அழுகிறாள். எங்கள் பாட்டுகளில் அழுகிறவர் இங்கே வந்து சேர்ந்தவர். அம்மாயி பாடுகிற ஒன்றில், ஊரையும் பனந்தோப்பையும் இழந்து, கண்டியில் வந்து பெற்ற தாயையும் மறந்தேன் என்று வரும். இன்னொன்றில் கோப்பிக் கன்று போட்ட மலையைக் காட்டி, அண்ணனைப் பறிகொடுத்த மலை அது என்று சொல்லும். நான் கேட்டுச் சேர்த்த பாட்டுகளில் காத்திருக்கிற மனைவி அதிகம் இல்லை, தாயும் அண்ணனும்தான் நிறைய. கங்காணி மேல் கோபம் உண்டு, ஆனால் அவன் ஊர்க்காரன், சில வேளை சொந்தக்காரன். அந்தக் கோபத்தில் ஒரு சொந்தக்காரச் சண்டையின் காரம் இருக்கிறது. பிஜியில் 21 வருடம் இருந்து 1914இல் திரும்பிய தோதாராம் சனாத்யாவின் இந்தி நினைவுக்குறிப்பை ஆங்கிலத்தில் வாசித்தபோது, அவருடைய கோபம் முகவரையும் சட்டத்தையும் கம்பனியையும் நோக்கி நேராகப் போவது தெரிந்தது. ஆட்களைச் சேர்த்த முறை வேறு என்பதால் அழுகையின் முகவரியும் வேறு. இதை எழுதியபோதுதான் நான் ஒப்பியல் இலக்கியம் படிக்கிறேன் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. அம்மாயியின் பாட்டு இரக்கப்படுவதற்கு மட்டும் உரியதல்ல, அது ஒரு சான்று என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போன காசு அத்தனையும் அந்த ஒரு இரவுக்குத் தகும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஆகவே, எத்தனை நாட்டு இலக்கியம் வாசித்தீர்கள் என்ற எண்ணிக்கையை விடுங்கள். ஒரு கேள்வியை எடுத்து இரண்டே இரண்டு இடத்தில் கேளுங்கள். நான் முதலில் பிஜி, மொரீஷியஸ், டிரினிடாட், கயானா, அசாம் எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் தனி மொழியும் தனிச் சட்டமும் தனிக் காலமும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் திணித்தால் கடைசியில் எல்லோரும் கஷ்டப்பட்டார்கள் என்ற ஒரு வரிதான் மிஞ்சும்.

மொழி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. இந்தத் துறையில் தாய்மொழியும் ஆங்கிலமும் போதாது, மூலத்தில் வாசிக்க இன்னொரு மொழி வேண்டும் என்பார்கள். நான் பிரெஞ்சு படிக்கலாம் என்று ஒரு வகுப்புக்குக் காசு கட்டி, மின்வெட்டில் அதுவும் பாதியில் நின்றது. பிறகு ஒரு நாள் பஸ்ஸில் சிங்களப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தபோது யோசித்தேன். மலையகத்தில் எங்களில் நிறையப் பேருக்குச் சிங்களம் சரளமாகப் பேச வரும், ஒரு கதையை வாசிக்க வராது. பாதி மொழி ஏற்கனவே வாயில் இருக்கிறது. பக்கத்துப் பாடசாலையில் படிப்பிக்கிற நந்தா மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் தொடங்கி, சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் சிறுகதை வரை என்னோடு உட்கார்ந்தார். ஒரு சதமும் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக அவருக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது இதுதான்: மூன்றாம் மொழியாகச் சிங்களத்தை எடுங்கள். செலவு குறைவு, சந்தேகம் கேட்க ஆள் பக்கத்திலேயே இருக்கிறார், ஒப்பிடுவதற்கு உயிரோடு இருக்கிற ஓர் இலக்கியம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

மொழிபெயர்ப்பில் வாசிப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் காளிதாசரின் சாகுந்தலத்தைக் கொண்டாடியபோது அவர்கள் வாசித்தது, 1789இல் வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்தில் தந்ததிலிருந்து கேயோர்க் போர்ஸ்டர் 1791இல் ஜெர்மனுக்குக் கொண்டுபோனதை. ஆனால் நீங்கள் வாசிப்பது மூலத்திலிருந்து வந்ததா, இடையில் இன்னொரு மொழி உண்டா என்று கட்டுரையில் குறிப்பிடுங்கள். மொழிபெயர்ப்பில் ஒரு வரியின் ஓசையைப் பற்றி வாதாட வேண்டாம். கதை அமைப்பு, யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பவற்றைப் பற்றித் தாராளமாக எழுதலாம்.

நூல்களுக்குக் காசு கொட்ட வேண்டாம். 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் மலையக எழுத்து நிறைய இருக்கிறது. மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் பழந்தமிழ் கிடைக்கும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களைக் கட்டாயம் தேடி வாசியுங்கள். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். அவரையே இரண்டு மொழியில் வைத்து ஒப்பிட ஒரு முழு ஆய்வு காத்திருக்கிறது. கரண்ட் இருக்கும்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் முக்கியமான அத்தியாயங்களை டவுனில் அச்செடுத்து வைத்திருந்ததால்தான் அந்த மின்வெட்டு மாதங்களில் மெழுகுதிரியில் வாசிக்க முடிந்தது.

பாட்டுச் சேகரிக்கப் போகிறவர்கள் போனில் பதியும் முன் கேட்டுவிட்டுப் பதியுங்கள். பாடியவர் பெயரைப் போடலாமா என்றும் கேளுங்கள். ஓர் அம்மா, "பாட்டைப் போடு தாயி, பேரு வேணாம்" என்றார். அப்படியே செய்தேன். பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், யாரிடம் கற்றார், எந்த வேலை செய்யும்போது பாடுவார், எந்தத் தோட்டம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கோப்பி வருகிறதா, தேயிலை வருகிறதா என்பதை வைத்தே ஒரு பாட்டின் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம். மாசியில் காமன் கூத்து நடக்கிற தோட்டங்களுக்கும் போங்கள். காமன் எரிந்து, ரதி ஒப்பாரி வைக்கிற இரவைப் பார்த்துவிட்டு, கிரேக்கத்தில், காதல் தெய்வத்தின் காதலனாக இருந்து இறந்த அடோனிஸுக்காகப் பெண்கள் அழுததைப் பற்றி வாசியுங்கள். அங்கேயும் எது ஒன்றுபோல இல்லை என்ற அதே கேள்வியோடு போங்கள்.

என் நிலை இப்போது இதுதான். உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ் முதுகலைக்குப் பதிந்திருக்கிறேன். கட்டணம் ரூபாயில், வகுப்பு வார இறுதியில். முன்பு முடித்த பாடங்களை அவர்கள் ஏற்கவில்லை, எல்லாவற்றையும் திரும்பப் படிக்கிறேன். அது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வுத் தலைப்பை ஏற்றுக்கொண்டார்கள்: கங்காணி முறைக்கும் ஐந்து வருட ஒப்பந்தத்துக்கும் உட்பட்டவர்களின் வாய்மொழிப் பாடல்கள், இலங்கையும் பிஜியும். 1903இலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகவும் பிஜிக்கு ஆட்கள் போனார்கள். அந்தத் தமிழர்களின் பாட்டுகளைத் தேடி இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது பதிவு இருந்தால், பழைய கசெட்டாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். அப்புறம், படிக்கப் போகிற பிள்ளைகள் விண்ணப்பிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள். பாடத்திட்டத்தை இருவருமாக உட்கார்ந்து பார்ப்போம்.